நாலு இன்ச் ஆசையும் கொழுக்குமலை ஜீப்பும்!

காலேஜ் பார்க்கிங்கில் நூறு பைக் நிற்கட்டும், பத்து கார் நிற்கட்டும்... யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு ஜீப் வந்து நின்றால் போதும், மொத்தக் கூட்டமும் அங்கேதான்! அதிலும் எகிறி நிற்கிற உசரமும், தடித்தடியான பட்டன் டயர்களும் இருந்துவிட்டால்... அன்றைக்கு லேப் ரெக்கார்டாவது, இன்டர்னலாவது!

இந்த உசத்தலுக்கு ஜீப் பிரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'லிஃப்ட்'. பெரிய டயர் மாட்ட வேண்டுமென்றால் அதற்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் வண்டியைத் தூக்க வேண்டும். ரெடிமேட் கிட் வாங்கினால் பர்ஸ் பழுத்துவிடும். 'நம்ம பட்டறையிலயே சீப்பா முடிச்சிரலாம் தம்பி' என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முடியுமா? முடிந்தால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் நாலு பேர் போன இடம்தான் கொழுக்குமலை.

முதலில் நம்ம ஹீரோவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் 'ஜீப்பு' என்று ஒரு ஜீவன். தேனிப் பையன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் அவனுடைய நிஜப் பெயர் எங்களுக்கே ஞாபகம் வரும். அவன் அப்பாவிடம் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஏலத்தோட்டத்துக்கு, தினமும் காலையில் ஆட்களை ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவரும் வண்டி. அதை நாலு இன்ச் உசத்தி, 31 இன்ச் டயர் மாட்ட வேண்டும் என்பது ஜீப்புவின் வாழ்நாள் லட்சியம். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த 25,000 ரூபாய்தான் பட்ஜெட்.

"டேய் மாப்ள, மொதல்ல நெசமாவே தினமும் மல ஏர்ற ஜீப்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோம்டா. அப்புறம் ஒசத்து" என்றேன். ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் பர்மிஷன் வாங்கி, அதே ஜீப்பில் கிளம்பினோம்.

17 வளைவு... ஒரு ஜீப்!

போடியைத் தாண்டியதும் மலை ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்தான் வண்டி திரும்பும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. ஜிம்முக்குப் போகாமலே ஜீப்புவுக்கு ஏன் அந்தத் தோள்பட்டை என்பது ஏழாவது வளைவில் எங்களுக்குப் புரிந்தது. காதடைத்து, காற்று குளிர்ந்து, மெட்டில் ஒரு டீ. அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தோம்.

கொழுக்குமலை இருப்பது நம்ம தேனி மாவட்டத்தில். ஆனால், வண்டியில் போக வழி கேரளத்தின் சூரியநெல்லி பக்கம்தான். ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். 'உலகத்திலேயே உசரமான ஆர்கானிக் டீ எஸ்டேட்' என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். சூரியநெல்லியிலிருந்து 12 கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் பாதை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! நம்ம வண்டியைக் கீழே ஓரங்கட்டிவிட்டு, அங்கிருக்கும் ஸ்டாண்டு ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் ஜீப்புவின் முகம் வாடிவிட்டது. வரிசையாக ஜீப்புகள். ஒன்றுகூட அவன் கனவில் வரும் ஜீப் மாதிரி இல்லை! எல்லாமே கம்பெனியிலிருந்து வந்த உசரம். டயர்கூட அகலமாக இல்லை. ஒல்லியான டயரில் ஆழமான பட்டன்கள், அவ்வளவுதான்.

"என்னண்ணே, வண்டிய யாரும் ஒசத்தலையா?" என்றான்.

எங்களை ஏற்றிப் போக வந்த டிரைவர் அண்ணன் சிரித்தார். முப்பது வருடமாக இதே பாதையில் ஓட்டுகிறவர். "காலையில நாலு மணிக்கு வாங்க தம்பி. மேல போயி பேசிக்கலாம்" என்றார்.

இருட்டில் ஒரு படிக்கட்டு

அதிகாலை நாலு மணி. ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர். ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்ததைப் பாதை என்று சொல்ல முடியாது. யாரோ பாறாங்கற்களைக் கொட்டிவிட்டு மறந்துபோன படிக்கட்டு! இரண்டு பக்கமும் தேயிலைச் செடி. அண்ணன் ஃபோர் வீலைப் போட்டு, லோ ரேஞ்சில் தட்டி, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லாக மிதித்து ஏறியது. ஆக்ஸிலரேட்டரை அவர் தொட்டதே அபூர்வம்.

ஓரிடத்தில் இடது சக்கரங்கள் பள்ளத்திலும் வலது சக்கரங்கள் பாறை மேலும் ஏற, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. பின் சீட்டில் இருந்த நாங்கள் மொத்தமாக ஒருத்தன் மடியில் ஒருத்தன்! இடது பக்க ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடி தெரியவில்லை. வெறும் இருட்டுதான் தெரிந்தது.

அண்ணன் வண்டியை அங்கேயே நிறுத்தினார். "தம்பி, இப்ப இந்த வண்டி இன்னும் நாலு இன்ச் ஒசரமா இருந்தா எப்படி இருக்கும்?"

ஜீப்பு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பதில் சொல்லவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது... காலுக்குக் கீழே மேகம்! பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது மாதிரி. அதைக் கிழித்துக்கொண்டு சூரியன். ஒரு பக்கம் 2,640 மீட்டர் மீசைப்புலிமலை. மேகம் விலகிய இடத்தில், பாதாளத்தில் நம்ம தேனி சமவெளி. "அந்தா... கீழ குரங்கணி" என்று கை காட்டினார் அண்ணன். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கியது இந்தச் சரிவுகளில்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

டீ டம்ளரும் கால்குலேட்டரும்

1930-களில் கட்டிய தேயிலை ஃபேக்டரி இன்னமும் அங்கே ஓடுகிறது. அந்தக் காலத்து மெஷின்களில் அரைத்த டீத்தூளில் சூடாக ஒரு டீ. அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் க்ளாஸ் ஆரம்பித்தது.

"வண்டிய ஒசத்துனா எது ஒசரும்?" என்றார் அண்ணன்.

"கிரவுண்ட் கிளியரன்ஸ்ணே" என்றான் ஜீப்பு, வைவாவில் சொல்வது மாதிரி.

அண்ணன் குனிந்து, பின்பக்க ஆக்ஸில் நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியலைத் தட்டினார். "கல்லுல மொதல்ல இடிக்கிறது இதுதான். ஸ்பிரிங்க ஒசத்துனா பாடி ஒசரும், சேஸ் ஒசரும். இது ஒசராது. இத ஒசத்தணும்னா டயரு ஒண்ணுதான் வழி."

அட! நாலு செமஸ்டர் படித்த எங்களுக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லையே! டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஜீப்புவின் வண்டியில் இருப்பது 215/75 ஆர் 15 டயர். 215 என்பது மி.மீ. கணக்கில் அகலம். அதில் 75 சதவிகிதம் பக்கச் சுவர். 15 என்பது இன்ச்சில் ரிம். மேலும் கீழும் பக்கச் சுவரைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 703 மி.மீ. சொச்சம். 31 இன்ச் டயர் என்றால் 787 மி.மீ. வித்தியாசம் 84. ஆக்ஸில் உசருவது அதில் பாதி. அதாவது 42 மி.மீ. இரண்டு இன்ச்கூட இல்லை!

அந்த 42 மி.மீ.க்கு என்ன விலை? பில்லில் இடம் போதாமல் இன்னொரு பில் வாங்கினோம்.

ஒன்று, பிரேக். டயர் பெரிதானால், அதே பிரேக் தரையில் காட்டுகிற பிடி குறையும். இந்த அளவுக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் காலி. ஜீப்புவின் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இறங்க வேண்டியதோ 17 கொண்டை ஊசி வளைவு.

இரண்டு, இழுவை. எஞ்சின் தருகிற இழுவையும் சக்கரத்தில் அதே அளவு குறையும். நேற்று செகண்ட் கியரில் ஏறிய ஏற்றம், நாளைக்கு ஃபர்ஸ்ட் கேட்கும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். அது 40 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 45-ல் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று, திருப்பம். அகலமான டயர், முழுசாக ஒடிக்கும்போது ஸ்பிரிங் பட்டையில் உரசும். உரசாமல் இருக்க ஸ்டியரிங் ஒடிவதைக் குறைத்து வைப்பார்கள். கொண்டை ஊசியில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டி, இனி ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பும். பின்னால் பஸ் நிற்கும்போது!

நான்கு, சாய்மானம். வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் 1,300 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்து அந்த மையத்தை 120 மி.மீ. ஏற்றிவிட்டால், 40 டிகிரியிலேயே ஆட்டம் க்ளோஸ். இது நிற்கிற வண்டிக்கு. ஓடுகிற வண்டி, பின்னால் எட்டு பேர், நடுவில் ஒரு வளைவு என்றால் இன்னும் முன்னாலேயே!

சீப்பா உசத்த நாலு வழி

"அப்ப யாருமே ஒசத்தக் கூடாதாண்ணே?" என்று பாவமாகக் கேட்டான் ஜீப்பு.

"யாரு சொன்னா? எதுக்குன்னு தெரிஞ்சு செய்யணும்" என்ற அண்ணன், வண்டிக்கு அடியில் எங்களைப் படுக்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய ஜீப் வைத்திருக்கும் மக்களே, நோட் பண்ணுங்க.

முதல் வழி, ஷாக்கிள். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையை சேஸோடு இணைக்கும் துண்டு. அதை நீளமாக்கினால் வண்டி உசரும். ஆனால், ஒரு முனைதான் இறங்குகிறது என்பதால் இரண்டு இன்ச் நீட்டினால் கிடைப்பது ஒரே இன்ச். இருப்பதிலேயே சீப். ஷாக்கிள் முன்முனையில் இருக்கும் பழைய ஜீப்புகளில், முன்பக்கம் இதைச் செய்தால் காஸ்டர் கோணம் குறைந்துவிடும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ரோட்டில் வண்டி அலையும்.

இரண்டாவது, பட்டை சேர்ப்பது. கட்டில் கூடுதலாக ஒரு பட்டை. ஒன்றிலிருந்து இரண்டு இன்ச் கிடைக்கும். சுமை தாங்கும். ஆனால், ஸ்பிரிங் விறைத்துப்போகும். அண்ணன் வண்டியில் பின்னால் ஒரு பட்டை கூடுதல். உசரத்துக்காக இல்லை, தினமும் ஆறு பேரைச் சுமப்பதற்காக.

மூன்றாவது, பாடி லிஃப்ட். சேஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை ரப்பரோ நைலானோ வைத்து, நீள போல்ட் போடுவது. ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. எஞ்சினும் கியர் பாக்ஸும் இருந்த இடத்திலேயே இருப்பதால் சாய்மானம் அவ்வளவாகக் கெடாது. ஒரு இன்ச்சோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

நான்காவதுதான் பெரிய மீன். அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். 1940-களின் கடைசியில் மஹிந்திரா அதை இங்கே பூட்ட ஆரம்பித்தபோது, கூடவே இந்த அமைப்பும் வந்தது. அந்தப் பட்டையைத் தூக்கி ஆக்ஸிலுக்கு மேலே வைத்து வெல்டிங் அடித்தால், ஒரே அடியில் சுமார் ஐந்து இன்ச்! செலவு வெறும் வெல்டிங் கூலிதானே என்று தோன்றும். அங்கேதான் ட்விஸ்ட். பிரேக் ஹோஸ் எட்டாது. ஷாக் அப்சார்பர் பத்தாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும். ஸ்டியரிங் ராடு சாய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். அத்தனையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும், வளைவில் வண்டி அதை நமக்கு ஞாபகப்படுத்தும்.

"கட்டை வெச்சு ஒசத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரேண்ணே?" என்றேன்.

"அது பட்டை மேல இருக்குற வண்டிக்கு. அதுவும் பின்னால மட்டும். முன்னால வெக்கவே கூடாது, பிரேக் அடிச்சா கட்டை முறுக்கும். நம்ம ஜீப்புல பட்டை அடியில இருக்கு. கட்டை வெச்சா வண்டி ஒசராது தம்பி... தாழும்!"

செம பல்பு எங்கள் மொத்த டீமுக்கும்!

ரூல்ஸ் என்ன சொல்லுது?

இதில் போலீஸ் அண்ணன்களும் ஒரு பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே வருடம் சட்டத்தில் திருத்தம் வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஏதாவது ஆகி இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், அங்கேயும் முதலில் இதைத்தான் தோண்டுவார்கள். பந்தயத் தளத்தில் மட்டும் ஓடுகிற வண்டி வேறு. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர் ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு.

தொலைந்துபோன இரண்டு இன்ச்

கீழே இறங்கினோம். இறங்கும்போது அண்ணன் பிரேக்கை மிதித்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். லோ ரேஞ்ச், ஃபர்ஸ்ட் கியர், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. "ஏத்துறத விட எறக்குறதுதான் வேலை. டயர் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பழகிக்கங்க" என்றார்.

சூரியநெல்லியில் ஜீப்புவின் வண்டியைச் சுற்றி வந்தார். சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, டேப் எடுத்தார். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நாலு மூலையிலும் அளந்தார். பிறகு, அதே மாடலான தன் வண்டியிலும் அளந்தார். ஜீப்புவின் வண்டி முன்பக்கம் ஒரு இன்ச், பின்பக்கம் இரண்டு இன்ச் தாழ்ந்திருந்தது. அதிலும் டிரைவர் பக்கம் கூடுதல் சரிவு.

"பாரம் ஏத்தி ஏத்தி பட்டை படுத்துருச்சு. உங்க வண்டிக்கு நாலு இன்ச் வேணாம் தம்பி. அது தொலச்ச ரெண்டு இன்ச்ச மொதல்ல திருப்பிக் குடுங்க" என்றவர், பின்பக்கப் படியைக் காட்டிக் கேட்டார். "இதுல யாரு ஏறுவாங்க?"

"தோட்டத்துக்கு வர்ற அக்காங்க... ரெண்டு பாட்டிங்க..."

"டூரிஸ்ட்டுப் பசங்கன்னா குதிச்சு ஏறிருவாங்க. அந்தப் பாட்டி?"

ஜீப்பு அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை கணக்கு போட்டும் அசையாதவன், அந்த ஒரு கேள்வியில் அசைந்துவிட்டான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போடியில் ஒரு பட்டறையில் நாலு கட்டையும் கழற்றி, வளைவு ஏற்றினார்கள். சும்மா சுத்தியலால் தட்டி வளைத்தால் சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும். சூடாக்கி, வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடு காட்ட வேண்டும். மெட்டலர்ஜி லேபில் தூங்கிக்கொண்டே எழுதினோமே, குவென்ச்சிங், டெம்பரிங்... சாட்சாத் அதேதான்! கூடவே புது புஷ், புது யு போல்ட், ஷாக் அப்சார்பர், பிரேக் ஷூ. இத்தனைக்கும் அவன் பட்ஜெட்டில் மிச்சம் இருந்தது. பெரிய டயருக்குப் போயிருந்தால், ஒரு டயரே ஐந்து இலக்கம். ஸ்டெப்னியோடு ஐந்து வேண்டும்!

டயர் மாற்றும் நாள் வரும்போது 235/75 ஆர் 15 போடலாம் என்பது ஜீப்புவின் இப்போதைய கணக்கு. விட்டத்தில் 30 மி.மீ. கூடும், ஆக்ஸில் 15 மி.மீ. உசரும். ஸ்பீடாமீட்டர் பொய்யும் நாலு சதவிகிதத்தோடு நின்றுவிடும். அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் மாட்டுவதாக இருக்கிறான்.

போன வாரம் தேனியில் அவனோடு காலை ட்ரிப்புக்கு நானும் போனேன். வண்டி பார்க்கிங்கில் கூட்டம் சேர்க்கிற அழகு இல்லைதான். ஆனால், நிமிர்ந்து நிற்கிறது. ஒன்பதாவது வளைவில் பின் சீட்டுப் பாட்டி முன்னால் எட்டி, "என்னய்யா, வண்டி புதுசா? இடுப்பு வலிக்கவே இல்லயே!" என்றது.

கண்ணாடியில் பார்த்தேன். ஜீப்பு ஒரு நாலு இன்ச் உசந்திருந்தான்!